பெருங்குடல் கட்டிகளுக்கான அகநோக்கிச் சிகிச்சை: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

மலத்துடன் இரத்தம் வெளியேறுவதைப் பற்றி எமது சமூகங்களில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆண்கள் அதனை மூலவியாதி என்று தாமாகவே தீர்மானித்துக் கொள்கின்றனர். பெண்கள் வீட்டிலுள்ளவர்களிடம் கூடச் சொல்லாது மறைக்கின்றனர். மருந்துக்கடையில் வாங்கிய களிம்பும், நாட்டு வைத்தியம் என்ற பெயரில் யாரோ சொல்லிய சூரணமும், திருவிழா முடியட்டும், நோன்புப் பெருநாள் கழியட்டும் என்ற ஒத்திவைப்புமாக மாதங்கள் கடந்து செல்கின்றன. ஈற்றில் வைத்தியசாலைக்குச் சென்று, "கமரா விட்டுப் பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் கூறியதும் புதியதோர் அச்சம் தொற்றிக் கொள்கின்றது. குடலில் ஓட்டை விழுந்துவிடுமாம், கட்டியைத் தொட்டால் புற்றுநோய் உடல் முழுவதும் பரவிவிடுமாம் என்றெல்லாம் அயலவர்களும் உறவினர்களும் கூறும் கதைகளைக் கேட்டுப் பரிசோதனைக்குக் குறித்த திகதியிலேயே செல்லாது விடுவோரும் உள்ளனர். இந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதையும், அச்சப்பட வேண்டிய இடம் உண்மையில் எதுவென்பதையும் ஆராய்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயினால் உலகில் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் பாதிக்கப்பட்டுள்ளனர். 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்துள்ளனர். புற்றுநோய் மரணங்களுக்கான காரணங்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இது உள்ளது. எமது நாட்டிலும் ஆண், பெண் இருபாலாரிடையேயும் முன்னணியில் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றாக இது விளங்குகின்றது. முதியோரின் தொகை அதிகரித்து, உணவுப் பழக்கமும் உடலுழைப்பும் மாறிவரும் ஒரு நாட்டில் இந்நோய் இன்னும் பெருகுமேயன்றிக் குறையப் போவதில்லை.

ஆயினும், ஏனைய பல புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இந்நோய்க்கு உண்டு. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை 'பொலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே ஆரம்பிக்கின்றன. அது புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவில் செல்லும். அந்தக் கால இடைவெளியில் அதனைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால், வரவிருந்த புற்றுநோய் வராமலேயே தடுக்கப்படுகின்றது. அமெரிக்காவில் பொலிப் அகற்றப்பட்டவர்களை நீண்டகாலம் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றின் பெறுபேறுகள் 2012 ஆம் ஆண்டில் வெளியாகின. பொதுமக்களிடையே எதிர்பார்க்கக்கூடிய அளவுடன் ஒப்பிடும்போது, இவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் மரணங்கள் 53 சதவீதம் குறைவாக இருந்ததாக அந்த ஆய்வு காட்டியது.

வயிற்றைக் கீறாது, மலவாயிலின் ஊடாகச் செலுத்தப்படும் வளையக்கூடிய குழாயைக் கொண்டு பெருங்குடல் பொலிப்பை அகற்றும் முறை 1969 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ஆரம்பமானது. ஜப்பானில் பிறந்த ஹிரோமி ஷின்யாவும் அவரது சக மருத்துவரான வில்லியம் வூல்ஃபும் மெல்லிய கம்பிச் சுருக்கொன்றை அந்தக் குழாயினூடாக அனுப்பிப் பொலிப்பின் காம்பைச் சுருக்கிட்டு அறுத்தெடுத்தனர். காம்பில்லாது குடற்சுவரில் தட்டையாகப் படர்ந்திருக்கும் கட்டிகளுக்கு அது போதவில்லை. எனவே கட்டியின் அடியில் திரவத்தை ஊசியால் செலுத்தி, அதனைக் கொப்புளம் போல் உயர்த்தி, சுருக்கிட்டு அகற்றும் முறை பின்னர் உருவாகியது. கட்டி பெரிதாயின் இம்முறையில் அதனைத் துண்டு துண்டாகவே எடுக்க முடியும். 1990 களின் பிற்பகுதியில் ஜப்பானிய மருத்துவர்கள் இன்னொரு படி முன்னேறினர். நுண்ணிய மின்கத்தியினால் கட்டியைச் சுற்றி வெட்டி, அதன் கீழ்ப்படையைச் சிறிது சிறிதாகப் பிரித்து, முழுக் கட்டியையும் ஒரே துண்டாக எடுக்கும் முறையே அது.

இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இந்த மூன்றாவது முறையை உருவாக்கிய ஜப்பானே அதனைப் பயன்படுத்துவதில் அவசரப்படவில்லை. இரைப்பைக் கட்டிகளுக்கு 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொது மருத்துவக் காப்புறுதி இச்சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. பெருங்குடலுக்கோ 2012 வரை அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை. பெருங்குடலின் சுவர் இரைப்பையின் சுவரை விட மிக மெல்லியது. வளைவுகளும் மடிப்புகளும் நிறைந்தது. கத்தியின் நுனி சற்றே ஆழமாகச் சென்றாலும் துளை விழுந்துவிடும். உலகிலேயே இத்துறையில் அதிக அனுபவம் கொண்ட நாடு காத்திருந்தமைக்கு இதுவே காரணமாகும்.

அவ்வாறாயின் ஆபத்தின் அளவு என்ன? பரிசோதனைக்காக மாத்திரம் செய்யப்படும் கொலனோஸ்கோபியில் குடலில் துளை விழுவது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கின்றது. போலந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2022 ஆம் ஆண்டில் வெளியான பாரிய ஆய்வில் 11,843 பேருக்கு இப்பரிசோதனை செய்யப்பட்டது. அவர்களில் ஒருவருக்குக்கூடத் துளை விழவில்லை. பொலிப் அகற்றப்பட்டதன் பின்னர் 15 பேருக்குப் பெரிய இரத்தப்போக்கு ஏற்பட்டது. பரிசோதனையினால் எவரும் 30 நாட்களுக்குள் மரணிக்கவில்லை. பெரிய, தட்டையான கட்டிகளை அகற்றும்போது ஆபத்து அதிகரிக்கின்றது. சுருக்கிட்டு அகற்றும் முறையில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் அளவிலும், ஒரே துண்டாகப் பிரித்தெடுக்கும் முறையில் நூற்றுக்கு ஐவர் வரையிலும் துளை விழும் சாத்தியம் உண்டு. எனினும் அவற்றில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே, அதே குழாயினூடாகச் செலுத்தப்படும் சிறு உலோகக் கிளிப்புகளினால் மூடப்பட்டு விடுகின்றன.

இந்த எண்களைத் தனியாக வைத்துப் பார்ப்பது முறையன்று. மாற்று வழியான சத்திரசிகிச்சையுடனேயே இவற்றை ஒப்பிட வேண்டும். புற்றுநோயற்ற பொலிப்புகளுக்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளான 12,000 க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளர்களின் விபரங்கள் 2018 ஆம் ஆண்டில் வெளியாகின. அவர்களில் 14 சதவீதமானோர் ஏதேனுமொரு பெரும் சிக்கலை எதிர்கொண்டனர். 0.7 சதவீதமானோர் 30 நாட்களுக்குள் உயிரிழந்தனர். சிலருக்கு வயிற்றில் துவாரமிட்டு மலப்பை பொருத்தவும் நேர்ந்தது. அகநோக்கியினால் எடுத்திருக்கக்கூடிய ஒரு கட்டிக்காக ஒருவர் இந்த விலையைச் செலுத்த வேண்டியதில்லை. ஆகவே குடலில் ஓட்டை விழும் என்ற அச்சத்தினால் பரிசோதனையைத் தவிர்ப்பவர், சிறிய ஆபத்திலிருந்து தப்புவதாக எண்ணிக்கொண்டு பெரிய ஆபத்தை நோக்கியே செல்கின்றார். கட்டியைத் தொட்டால் பரவும் என்பதும் அவ்வாறானதே. குடலின் சீதமென்சவ்வுக்குள் நிற்கும் கட்டியை உரிய முறையில் அகற்றுவதால் நோய் பரவுவதில்லை. அதனை விட்டுவைப்பதினாலேயே பரவுகின்றது.

அச்சத்துக்கு இது பதில். அலட்சியத்துக்கும் ஒரு பதில் கூறவேண்டியுள்ளது. கத்தியின்றி, தழும்பின்றி, ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம் என்ற கவர்ச்சியினால் எல்லாக் கட்டிகளையும் இம்முறையில் எடுத்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறாகும். கட்டி சீதமென்சவ்வுக்குள் மாத்திரம் இருக்கும் வரை நிணநீர்க்கணுக்களுக்கு அது பரவியிருக்கும் வாய்ப்பு இல்லையென்றே கூறலாம். கீழ்ப்படையினுள் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஊடுருவிவிட்டால் அந்த உறுதி குலைந்துவிடுகின்றது. அப்போது குடற்பகுதியையும் அதனைச் சார்ந்த நிணநீர்க்கணுக்களையும் சேர்த்து அகற்றும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். 1985 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் றேகன் சிறியதொரு பொலிப்பை அகற்றுவதற்காகவே வைத்தியசாலைக்குச் சென்றார். பரிசோதனையின்போது பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் பெரிய கட்டியொன்று தென்பட்டது. மருத்துவர்கள் அதனை அகநோக்கியினால் அகற்ற முற்படவில்லை. மறுநாளே சத்திரசிகிச்சை மூலம் சுமார் இரண்டு அடி நீளக் குடற்பகுதியுடன் அதனை அகற்றினர். அது புற்றுநோய் என்பது பின்னர் உறுதியாகியது. றேகன் அதன் பின்னர் 19 ஆண்டுகள் வாழ்ந்து 2004 ஆம் ஆண்டில் காலமானார். எதனை எடுக்கக்கூடாது என்று அறிந்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

துண்டு துண்டாக எடுப்பதா, ஒரே துண்டாக எடுப்பதா என்பதிலும் இதே நிதானம் தேவைப்படுகின்றது. பிரான்ஸில் நடத்தப்பட்டு 2023 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆய்வொன்றில், ஒரே துண்டாக எடுக்கப்பட்டவர்களில் ஆறு மாதங்களின் பின்னர் 0.6 சதவீதமானோருக்கே கட்டி மீண்டும் காணப்பட்டது. துண்டு துண்டாக எடுக்கப்பட்டவர்களில் அது 5.1 சதவீதமாக இருந்தது. ஆனால் பாதகமான விளைவுகளோ முதல் பிரிவினரிடையே 35.6 சதவீதமாகவும் மற்றப் பிரிவினரிடையே 24.5 சதவீதமாகவும் காணப்பட்டன. ஒன்றில் உள்ள நன்மை மற்றதில் இல்லை. கட்டியின் தன்மை, நோயாளியின் வயது, அவருக்குள்ள ஏனைய நோய்கள், மருத்துவரின் பயிற்சி ஆகிய அனைத்தையும் சீர்தூக்கியே முடிவெடுக்க வேண்டும். தனியார் வைத்தியசாலையின் விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விடயமல்ல இது.

பாதுகாப்பு என்பது விலையுயர்ந்த கருவியோடு தானாக வந்து சேர்வதில்லை. தாய்வானில் நடைபெற்று 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட அந்த ஆய்வில், சிறிய பொலிப்புகளை மின்சூடு கொடுத்து அறுத்தபோது 1.5 சதவீதமானோருக்குப் பின்னர் இரத்தப்போக்கு ஏற்பட்டது. சூடின்றி வெறும் சுருக்குக் கம்பியால் அறுத்தபோது அது 0.4 சதவீதமாகக் குறைந்தது. புதிய இயந்திரம் எதுவும் அங்கு தேவைப்படவில்லை. பழகிய முறையை மாற்றிக்கொள்ளும் மனம் மாத்திரமே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 2006 ஆம் ஆண்டில் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது, ஏற்கனவே தகைமை பெற்ற மருத்துவர்களும் தனியானதொரு மதிப்பீட்டில் தேறிய பின்னரே அதில் பங்குபற்ற அனுமதிக்கப்பட்டனர். ஒவ்வொருவரது பெறுபேறுகளும் பதிவு செய்யப்பட்டுக் கண்காணிக்கப்படுகின்றன.

கருவியின் தூய்மையும் இதில் அடங்கும். ஒரே குழாய் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளிக்குச் செல்கின்றது. அதன் நுண்ணிய துவாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடவையும் கழுவப்பட்டுக் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும். 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சில வைத்தியசாலைகளில் அகநோக்கிக் கருவிகள் உரிய முறையில் சுத்திகரிக்கப்படவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு அழைக்க நேர்ந்தது. செல்வந்த நாடொன்றிலேயே இவ்வாறாயின், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துக்கும் உபகரணத்துக்கும் தட்டுப்பாட்டைக் கண்ட, அதன் பின்னர் பெருந்தொகையான மருத்துவர்களை வெளிநாடுகளுக்கு இழந்த எமது நாட்டில் இவ்விடயத்தில் எவ்வளவு விழிப்பு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

நோயாளியின் பங்கும் சிறியதல்ல. குடல் நன்றாகச் சுத்தமாகாவிட்டால் மருத்துவரின் கண்ணுக்குக் கட்டி தெரியாது. கொடுக்கப்பட்ட மருந்துநீர் முழுவதையும் சொன்ன நேரத்தில் குடித்து முடிக்க வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்பரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்போர் அதனைக் கட்டாயமாக முன்கூட்டியே கூறவேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்து. கூறாமல் விடுவதும் ஆபத்து. நீரிழிவு நோயாளர் மருந்தின் அளவை மாற்றுவது பற்றிக் கேட்டறிய வேண்டும். நோன்பு காலத்திலோ விரத காலத்திலோ பரிசோதனை வருமாயின், மௌனமாகத் திகதியைத் தவறவிடாது அதனை வைத்தியரிடம் எடுத்துக் கூறலாம். இரத்தப்போக்கு உள்ளவர் மாதக்கணக்கில் ஒத்திவைப்பதற்கு எந்த மார்க்கமும் சமயமும் அவரை நிர்ப்பந்திக்கவில்லை.

எமது வாசகர்களில் பலருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கட்டி அகற்றப்பட்ட இடத்திலிருந்து இரத்தப்போக்கு உடனடியாக மாத்திரம் ஏற்படுவதில்லை. இரண்டு வாரங்கள் வரை சென்றும் அது திடீரென ஆரம்பிக்கலாம். பொத்துவிலில் இருந்தோ, மூதூரில் இருந்தோ, முல்லைத்தீவில் இருந்தோ கொழும்புக்குச் சென்று பெரிய கட்டியொன்றை அகற்றிக்கொண்ட ஒருவர் மறுநாள் இரவு பஸ்ஸில் ஊர் திரும்புகின்றார். ஆறாம் நாள் நள்ளிரவில் இரத்தம் வெளியேறத் தொடங்கினால் அவர் எங்கே செல்வார்? அருகிலுள்ள வைத்தியசாலையில் அவருக்கு என்ன செய்யப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. அவரது கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோய் நிர்ணய அட்டையாகும். பெரும்பாலும் அதன் பொருள் அவருக்கே விளங்குவதில்லை. மருத்துவப் புள்ளிவிபரங்களில் தூரமும் மொழியும் ஆபத்துக் காரணிகளாகக் குறிக்கப்படுவதில்லை. எனினும் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் வாழும் நோயாளிக்கு அவை மின்கத்தியின் நுனியைப் போன்றே உண்மையான ஆபத்துகளாகும்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தினால் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அந்த உரிமை பெயர்ப்பலகைகளோடு நின்றுவிடக் கூடாது. குடலில் துளை விழும் சாத்தியம் பற்றிய விளக்கத்தைத் தனக்குப் புரியும் மொழியில் கேட்காத ஒருவர் இடும் ஒப்பம் சம்மதமாகாது. அது வெறும் கையெழுத்தே. சிகிச்சைக்கு முன்னரான விளக்கமும், வீடு திரும்பும்போது தரப்படும் அறிவுறுத்தலும் தமிழில் எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மயக்கம், தொடரும் இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே எங்கு செல்ல வேண்டும், எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அகற்றிய கட்டி பற்றிய நோயியல் அறிக்கை கிடைத்ததா, அடுத்த பரிசோதனை எப்போது என்பதும் குறிக்கப்பட வேண்டும். துண்டு துண்டாக எடுக்கப்பட்ட பெரிய கட்டியாயின் ஆறு மாதங்களில் மீண்டும் பார்க்கப்படுவது அவசியம். அந்த ஒரு திகதியைத் தவறவிட்டால் முழுச் சிகிச்சையும் வீணாகிவிடக்கூடும்.

பெண்களின் கூச்சத்தையும் சிறிய விடயமாக ஒதுக்கிவிட முடியாது. ஆண் மருத்துவரிடம் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளத் தயங்கி நோயை முற்றவிடும் தமிழ், முஸ்லிம் பெண்கள் அநேகர். பெண் மருத்துவர் இல்லாத இடத்தில், பெண் தாதி ஒருவர் ஆரம்பம் முதல் இறுதி வரை உடனிருப்பார் என்ற உறுதிமொழியும், உடலை முறையாக மறைக்கும் ஆடையும் இருந்தாலே பலர் முன்வருவர். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் எதுவும் தேவையில்லை.

அரசின் முன்னுள்ள பணி தெளிவானது. ஜப்பான் 1992 ஆம் ஆண்டிலேயே 40 வயதைக் கடந்தோருக்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய பரிசோதனையை நாடளாவிய ரீதியில் ஆரம்பித்தது. எமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் ஊடாகக் கருப்பைக் கழுத்து, மார்பகப் புற்றுநோய்களுக்கான பரிசோதனை கிராமங்கள் வரை கொண்டு செல்லப்பட்டுள்ளது. அந்தக் கட்டமைப்பை ஒத்த ஒன்றைப் பெருங்குடல் நோய்க்கும் இருபாலாருக்கும் படிப்படியாக விரிவாக்குவது பற்றிச் சுகாதார அமைச்சு சிந்திக்க வேண்டும். ஆனால் மலப் பரிசோதனையில் சந்தேகம் ஏற்பட்டவருக்குக் கொலனோஸ்கோபிக்கான திகதி ஒரு வருடத்துக்கு அப்பால் வழங்கப்படுமாயின் அத்திட்டத்தினால் பயனில்லை. எனவே முதலில் மாகாணத்துக்கு ஒரு நிலையமாவது பயிற்சி பெற்ற மருத்துவர், தாதியர், கருவிச் சுத்திகரிப்பு வசதி, நோயியல் நிபுணர், அவசர சத்திரசிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுடன் ஒருங்கே அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லாத இடத்தில் பெரிய கட்டிகளை அகற்ற முற்படுவது நோயாளியை வைத்துச் செய்யும் பரீட்சார்த்தமாகிவிடும். அரச, தனியார் வைத்தியசாலைகள் இரண்டும் தமது சிக்கல் விகிதங்களைப் பதிவு செய்து அமைச்சுக்குச் சமர்ப்பிக்கும் நடைமுறையும் ஏற்படுத்தப்பட வேண்டும்.

அதுவரை பொதுமக்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மலத்தில் இரத்தம், மாறிப்போன மலங்கழிக்கும் பழக்கம், காரணமற்ற மெலிவு, இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று சில வாரங்கள் நீடித்தாலே வைத்தியரை நாடுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் அறிகுறி தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். கட்டி அகற்றப்பட வேண்டுமெனில், இதனை அகற்றிப் பழக்கமுள்ளவர் யார், சிக்கல் ஏற்பட்டால் அதே இடத்தில் கவனிக்க வசதி உண்டா, வீடு திரும்பிய பின்னர் யாரை அழைப்பது ஆகிய மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் அதனை விரும்பவே செய்வார்.

வாய்விட்டுப் பேசப்படாத ஒரு நோயினால், வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்விகளினால், காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய உயிர்கள் இழக்கப்பட்டு வருகின்றன. மௌனத்தைக் கலைக்கும் பொறுப்பு வீடுகளுக்கும் உண்டு, வைத்தியசாலைகளுக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.